வலி ஐந்து மணிக்கு, மாத்திரை ஒன்பது மணிக்கு

விடிகாலை ஐந்து மணிக்கு என் அம்மாவால் பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரிக்க முடியாது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையும், ஆனால் மடங்காது. அதனால் பல்லால் கடித்துத் திறப்பார். காபி ஃபில்டரின் மூடியை விரல்களால் பிடிக்காமல் உள்ளங்கையால் அழுத்தித் திருப்புவார். ஒன்பதரை மணிக்கு அதே கைகள் வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருக்கும். பதினொரு மணிக்கு வரும் உறவினர்கள், "உனக்கா முடக்குவாதம்? நல்லாத்தானே இருக்கே" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போவார்கள். அம்மாவுக்கு வலியைவிட இதில்தான் எரிச்சல் அதிகம்.

அவருடைய மருந்துச் சீட்டில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 5 மி.கி. என்று எழுதி, பக்கத்தில் 1-0-0 என்று போட்டிருந்தது. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு இல்லை, சாப்பிட்ட பிறகு. எங்கள் வீட்டில் டிபன் ஒன்பது மணிக்கு. ஒருநாள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டார்: "ஏண்டா, வலி விடியக்காலத்துல வருது. மாத்திரையை டிபனுக்கு அப்புறம் போடச் சொல்றாங்க. திருடன் போனதுக்கு அப்புறம் நாயை அவிழ்த்து விடுற மாதிரி இல்ல?"

அம்மா பத்தாவதைத் தாண்டாதவர். ஆனால் வாதநோய் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியைத்தான் அவர் கேட்டார். ஸ்டீராய்டு என்றதும் நாம் எல்லோரும் எத்தனை மில்லிகிராம் என்றுதான் பயப்படுகிறோம். எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்பதில்லை. அதே 5 மில்லிகிராம், விழுங்கும் நேரத்தைப் பொறுத்து மூட்டுக்கு ஒரு மாதிரியும், சுரப்பிக்கு ஒரு மாதிரியும், தூக்கத்துக்கு வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்.

உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு

நம் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போட்டதுபோல ஆளுக்கு இரண்டு அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் கார்டிசால்தான் நம் உடம்பின் சொந்த ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன் அதன் வலுக்கூட்டிய பங்காளி. கார்டிசாலையே மாத்திரையாக்கிய ஹைட்ரோகார்டிசோன் 20 மி.கி.யும் 5 மி.கி. பிரெட்னிசோலோனும் ஏறக்குறைய ஒரே வேலை செய்யும். மெத்தில் பிரெட்னிசோலோனில் அது 4 மி.கி., டிஃப்ளாசகார்ட்டில் 6 மி.கி., டெக்ஸாமெத்தசோனில் வெறும் 0.75 மி.கி. மருந்தை மாற்றி எழுதும்போது எண் சின்னதாகிவிட்டதே, டோஸ் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் சுரப்பதில்லை. நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். நாம் ஆழ்ந்து தூங்கும்போதே, இரண்டு மூன்று மணிக்கு மேல் மெல்ல ஏறத் தொடங்கும். விழிக்கிற நேரத்தை ஒட்டி, ஆறிலிருந்து எட்டு மணிக்குள் உச்சத்தைத் தொடும். பிறகு பகல் முழுவதும் இறங்கிக்கொண்டே போகும். இதற்கு உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டும், பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பும். அது அட்ரினலைத் தட்டி எழுப்பும்.

மூட்டை வீங்கவும் வலிக்கவும் வைக்கும் அழற்சிக்கும் இதேபோல ஒரு கடிகாரம் உண்டு. நோயெதிர்ப்பு அணுக்கள் இரவில்தான் சுறுசுறுப்பாகின்றன. நோயெதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் நோயான முடக்குவாதம் உள்ளவர்களுக்கு, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் ரத்தத்தில் பின்னிரவில் ஏறி, காலையில் உச்சத்துக்கு வரும். ஆரோக்கியமான உடம்பில் அதே சமயம் ஏறும் கார்டிசால் அதை அடக்கிவிடும். முடக்குவாதக்காரர்களிடம் அழற்சி மலையளவு இருக்க, கார்டிசால் ஏறக்குறைய பழைய அளவிலேயே ஏறுகிறது. தீ பெரிதாகிவிட்டது, வாளி அதே வாளி. விடிகாலை ஐந்து மணிக்குக் கட்டைவிரல் மடங்காததன் கதை பெரும்பாலும் இதுதான். இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டைச் சுற்றி நீர் கோத்து நிற்பதும் சேர்ந்துகொள்ளும்.

காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று வாதநோய் மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்பதற்கு இதனால்தான் அர்த்தம் இருக்கிறது. தேய்மான மூட்டுவலியில் பத்து, இருபது நிமிடத்தில் கை கால் வசத்துக்கு வந்துவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். "காலையில கொஞ்ச நேரம் இருக்கும் டாக்டர்" என்று சொல்வதைவிட, "பால்காரர் வரும்போது முடியல, பசங்க ஸ்கூல் வேன் வரும்போது சரியாயிடுது" என்று சொன்னால் அவருக்குக் கணக்குப் போட வசதி.

அப்படியானால் ஏன் காலை எட்டு மணி?

இரவு பதினோரு மணிக்கு ஒரு மாத்திரையைப் போட்டால், விடிகாலை அழற்சி எழும்போது மருந்து தயாராக இருக்குமே? இருக்கும். ஆனால் அட்ரினல் சுரப்பி அதற்கு விலை கொடுக்கும்.

மூளை ரத்தத்தில் உள்ள ஸ்டீராய்டு அளவைத் தொடர்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. போதுமான அளவு இருக்கிறது என்று தெரிந்தால் ஏ.சி.டி.எச்.ஐ நிறுத்திவிடும். அந்தச் சரக்கு மாத்திரையிலிருந்து வந்ததா, சொந்தச் சுரப்பியிலிருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை. கார்டிசால் உற்பத்திக்கான அன்றைய பெரிய உத்தரவு பின்னிரவில் புறப்படுகிறது. சரியாக அந்த வேளையில் மாத்திரையின் ஸ்டீராய்டு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தால் உத்தரவே போகாது. தினமும் இப்படி நடந்தால் அட்ரினல் வேலை இல்லாமல் சுருங்கிப்போகும்.

இது எவ்வளவு உண்மை என்பதற்கு மருத்துவர்களே நடத்தும் ஒரு பரிசோதனை சாட்சி. கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் கொடுத்து, மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் எடுப்பார்கள். ஆரோக்கியமானவருக்குக் காலைக் கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே விழுந்துகிடக்கும். சின்ன மாத்திரை ஒன்றே ஒன்று, இரவில் போட்டது, அடுத்த நாளின் உற்பத்தியையே மூடிவிட்டது. டெக்ஸாமெத்தசோன் வீரியம் அதிகமான, உடம்பில் நீண்ட நேரம் தங்கும் மருந்து என்பது உண்மைதான். ஆனாலும் பாடம் ஒன்றுதான்.

காலையில் எடுத்தால் நிலைமை வேறு. கார்டிசால் தன் உச்சத்தைத் தொட்டு இறங்கும் நேரம் அது. அன்றைய உத்தரவு போய், வேலையும் முடிந்திருக்கும். பிரெட்னிசோலோன் ரத்தத்தில் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். திசுக்களில் அதன் விளைவு 12 முதல் 36 மணி நேரம் வரை இருக்கும் என்றாலும், அடுத்த பின்னிரவு வருவதற்குள் மூளையின் மீதான பிடி ஓரளவு தளர்ந்துவிடும். இரவில் எடுத்தால் தூக்கம் கெடும் என்பது கூடுதல் காரணம். ஆக, 1-0-0 என்பது மூட்டை நினைத்துப் போட்டதைவிட, சுரப்பியையும் தூக்கத்தையும் நினைத்துப் போட்டது. அம்மாவின் நாய் தாமதமாக அவிழ்க்கப்படுவது தெரிந்தே செய்த சமரசம்.

இரண்டு மணிக்கு அலாரம்

இந்தச் சமரசத்தை உடைக்க முடியுமா என்று முயன்றவர்கள் உண்டு. 1997-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் முடக்குவாத நோயாளிகள் 26 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு 5 அல்லது 7.5 மி.கி. பிரெட்னிசோலோனைக் காலை 7.30-க்கு எடுத்தது. இன்னொரு குழு அதே அளவை அதிகாலை 2 மணிக்கு எடுத்தது. இரண்டு மணிக் குழுவுக்குக் காலை விறைப்பும் வலியும் நன்றாகக் குறைந்தன, இன்டர்லூகின்-6-உம் குறைந்தது. அழற்சி எழுவதற்கு முன்பே மருந்து போய்க் காத்திருந்ததன் பலன்.

ஆனால் ஆயுள் முழுக்க இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுவது யாரால் முடியும்? நோயாளியே எழுந்தாலும் பக்கத்தில் படுத்திருப்பவர் விடுவாரா? ஆகவே மருந்து கம்பெனிகள் மாத்திரைக்கே அலாரம் வைத்தார்கள். இரவு பத்து மணி வாக்கில் விழுங்கினால், வெளி உறை நான்கு மணி நேரம் தாக்குப்பிடித்து, இரண்டு மணிக்கு உள்ளே இருக்கும் பிரெட்னிசோனை (உடம்புக்குள் போய்ப் பிரெட்னிசோலோனாக மாறும் மருந்து) விடும். இதைச் சோதித்த காப்ரா-1 ஆய்வு 2008-ல் லான்செட் இதழில் வந்தது. 288 பேர், 12 வாரம். சாதாரண மாத்திரையைக் காலையில் எடுத்தவர்களின் விறைப்பு நேரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, தாமத மாத்திரை எடுத்தவர்களுக்கு அது சராசரியாக 44 நிமிடம் குறைந்தது. 2013-ல் வந்த காப்ரா-2, வழக்கமான மருந்துகளோடு தாமத மாத்திரை 5 மி.கி.யைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று 350 பேரிடம் பார்த்தது. நோய் குறிப்பிட்ட அளவு தணிந்தவர்கள் மருந்துக் குழுவில் 48 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 29 சதவீதம்.

44 நிமிடம் என்பதைக் காகிதத்தில் பார்த்தால் சின்ன எண். ஐந்து மணிக்கு எழுந்து ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு அது அவ்வளவு சின்னதில்லை. அதே சமயம் காப்ரா-1-ல் வலி, மூட்டு வீக்கம் முதலிய மற்ற அளவுகளில் இரண்டு குழுக்களுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. என் அபிப்பிராயம்: கோட்பாடு உறுதியானது, பலன் உண்மையானது, ஆனால் மிதமானது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க உறை போட்ட மாத்திரை வேறு, மணிக்கணக்கு வைத்துத் திறக்கும் மாத்திரை வேறு. முன்னதை இரவில் போட்டால் விடிகாலையில் வேலை செய்யும் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. இரண்டையுமே உடைத்தோ பொடித்தோ சாப்பிடவும் கூடாது.

சாதாரண மாத்திரையை வைத்துக்கொண்டே கொஞ்சம் இடம் நகர்த்த முடியும். விழுங்கிய பிறகு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் அது ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். "காலை, சாப்பிட்ட பிறகு" என்பதை ஒன்பது மணி டிபன் என்று எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டு வழக்கம்தானே ஒழிய, மருத்துவ விதி இல்லை. அடுத்த முறை போனபோது அம்மாவின் டாக்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "எழுந்ததும் ரெண்டு பிஸ்கட், பால் இல்லைன்னா காபி, உடனே மாத்திரை" என்றார். ஒன்பது மணி ஐந்தரை ஆனது. ஏழு மணிக்குக் கத்தரிக்கோல் வேலை செய்யத் தொடங்கியது. பாக்கெட்டை இன்னும் பல்லால்தான் கடிக்கிறார். ஆனால் இட்லி மாவைக் கரண்டியால் கலக்க யாரையும் கூப்பிடுவதில்லை.

ரோசெஸ்டரில் ஒரு செப்டம்பர்

ஸ்டீராய்டு என்ற மருந்தே முடக்குவாதத்துக்கு வழி தேடிப் போனபோது கிடைத்ததுதான். அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், 1929-ல் ஒரு முடக்குவாத நோயாளிக்கு மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டுவலி மறைந்துபோனதைக் கவனித்தார். கர்ப்பிணிகளுக்கும் வலி குறைவதைப் பார்த்தார். உடம்பே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து நோயை அடக்குகிறது என்று முடிவுக்கு வந்து, பெயர் தெரியாத அந்தப் பொருளை எக்ஸ் என்று குறித்துவைத்தார். அதே இடத்தில் வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல் அட்ரினல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த சேர்மங்களில் ஒன்றுக்கு இ என்று பெயரிட்டிருந்தார். மாட்டுப் பித்தத்திலிருந்து அதைப் படிப்படியாகத் தயாரிக்கும் வழியை மெர்க் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் கண்டுபிடித்த பிறகுதான் மனிதருக்குக் கொடுக்கும் அளவுக்குச் சரக்கு கிடைத்தது.

1948 செப்டம்பர் 21 அன்று, படுக்கையைவிட்டு எழ முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு, பின்னாளில் கார்டிசோன் என்று பெயர் பெற்ற அந்த இ சேர்மத்தின் முதல் ஊசி போட்டார்கள். ஒரு வாரத்தில் அவர் நடந்து கடைக்குப் போனார். 1950-ல் ஹெஞ்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் தாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையே இரண்டே ஆண்டு. அந்த இரண்டு ஆண்டுக்குள் இன்னொரு விஷயமும் தெரிந்துவிட்டது. அன்று கொடுத்த அளவு நாளைக்கு 100 மி.கி.; முகம் வீங்கியது, மனம் தடுமாறியது, நிறுத்தியதும் நோய் திரும்பியது. மருந்து நோயை வேரறுக்கவில்லை, அடக்கிவைத்திருந்தது. பிரெட்னிசோனும் பிரெட்னிசோலோனும் 1955 வாக்கில் வந்தன. அதன் பிறகு இன்றுவரை நடப்பதெல்லாம் எவ்வளவு குறைவாக, எந்த நேரத்தில், எத்தனை நாளுக்கு என்ற பேரம்தான்.

சுகர் மதியத்தில் ஏறும்

நேரத்தைக் கவனிக்காததால் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு சர்க்கரையில்தான். என் பெரியம்மாவுக்குக் கண்ணுக்குள் அழற்சி வந்தது. யுவியைட்டிஸ். காலையில் 40 மி.கி. பிரெட்னிசோலோன். அவருக்கு ஏற்கெனவே சுகர் உண்டு. ஒழுங்காகத் தினமும் காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தார். 104, 110, 101. பெருமையாக நோட்டில் எழுதிவைத்தார். பத்து நாளில் தாகம், சோர்வு, இரவு நான்கு முறை பாத்ரூம். தற்செயலாக ஒருநாள் சாயங்காலம் பார்த்தபோது மீட்டர் 330 காட்டியது.

காலையில் எடுத்த பிரெட்னிசோலோன், சில மணி நேரம் கழித்துச் சர்க்கரையை ஏற்றத் தொடங்கும். மதியச் சாப்பாட்டிலிருந்து இரவுச் சாப்பாடு வரை அது உச்சத்தில் இருக்கும். இரவில் மருந்தின் பிடி தளர, விடிவதற்குள் சர்க்கரையும் இறங்கிவிடும். அதனால் வெறும் வயிற்றுக் கணக்கு நல்லபிள்ளையாகவே இருக்கும். ஸ்டீராய்டு எடுக்கிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ, இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ பார்த்தால்தான் உண்மை தெரியும். இன்சுலின் தேவைப்பட்டால் காலையில் போட்டுப் பகலில் வேலை செய்யும் வகையை மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பதும் இந்த வளைவைப் பார்த்துத்தான். மாத்திரையை நாளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாலோ, டெக்ஸாமெத்தசோன் கொடுத்தாலோ இந்த வளைவு மாறி இரவிலும் சர்க்கரை இறங்காமல் நிற்கலாம். டோஸைக் குறைக்கும்போது சுகர் மருந்தையும் கூடவே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்குமுகத்தில் லோ சுகர் வரும்.

படி இறங்குவது

முடக்குவாதத்தில் ஸ்டீராய்டு ஒரு தற்காலிகப் பாலம். மெத்தோட்ரெக்சேட் போன்ற அடிப்படை மருந்து பலன் தர ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை நோயாளியை வலியோடு விட முடியாது என்று ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். ஐரோப்பிய வாதநோய்க் கழகத்தின் 2022 வழிகாட்டுதல், முடிந்தவரை சீக்கிரம் குறைத்து நிறுத்திவிடச் சொல்கிறது. அமெரிக்கர்களின் 2021 வழிகாட்டுதல் இன்னும் கறாராக, கூடுமானவரை தொடங்கவே வேண்டாம் என்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. 65 வயதுக்கு மேற்பட்ட 451 பேருக்கு இரண்டு ஆண்டு தினம் 5 மி.கி. கொடுத்துப் பார்த்த குளோரியா ஆய்வில் நோயும் மூட்டுச் சிதைவும் குறைந்தன. அதோடு கவலைப்பட வேண்டிய பக்கவிளைவு வந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 49 சதவீதம், மருந்துக் குழுவில் 60 சதவீதம், பெரும்பாலும் தொற்றுகள். இந்தப் பேரத்தில் யார் சரி என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. எழுபது வயதில் தனியாக எழுந்து கழிவறைக்குப் போக முடிவதன் மதிப்பை அந்த எழுபது வயதுக்காரரையும் கேட்டுத்தான் எடைபோட வேண்டும்.

குறைப்பதற்கும் நேரம் உண்டு. மேலே இருக்கும்போது படிகள் பெரிதாக இருக்கலாம்: 20-லிருந்து 15, 15-லிருந்து 10. கீழே வர வர படி சின்னதாக வேண்டும். 10-லிருந்து 9 என்பது பத்தில் ஒரு பங்குதான். 2-லிருந்து 1 என்பது பாதி. தோளும் இடுப்பும் இறுகிப்போகும் பாலிமயால்ஜியா ருமேட்டிகா என்ற நோயில் பிரிட்டிஷ் மருத்துவர்களின் முறை இதை அழகாகக் காட்டும். 15 மி.கி. மூன்று வாரம், 12.5 மூன்று வாரம், 10 நான்கிலிருந்து ஆறு வாரம், அதற்குப் பிறகு நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு மில்லிகிராம் வீதம். மலை ஏறியவர் இறங்கும்போது கடைசிப் பாறைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதைப்போல.

முடக்குவாதத்தில் கடைசி 5 மில்லிகிராமை நிறுத்த முடியுமா என்று 2020-ல் வெளிவந்த செமிரா ஆய்வு பார்த்தது. டோசிலிசுமாப் என்ற உயிரியல் மருந்தில் நிலையாக இருந்தவர்கள் 259 பேர். ஒரு பாதி 5 மில்லிகிராமிலேயே நின்றது, மறு பாதி நான்கு வாரத்துக்கு ஒரு மில்லிகிராமாக இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. தொடர்ந்தவர்களில் 77 சதவீதமும், நிறுத்தியவர்களில் 65 சதவீதமும் நோய் கிளம்பாமல் இருந்தார்கள். அதாவது மூன்றில் இரண்டு பேர் சிக்கலில்லாமல் இறங்கிவிட்டார்கள். முயன்று பார்க்கத் தகுந்த பந்தயம்.

வீட்டில் இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 5 மி.கி. மாத்திரை மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. 2.5 ஆக்கச் சொன்னபோது அம்மா அருவாமனையில் வைத்து நறுக்கினார். ஒரு பாதி பொடிந்தது, மறு பாதி அடுப்புக்கு அடியில் போனது. "போனா போகட்டும்" என்று அன்றைக்கு விட்டுவிட்டார். மெடிக்கல் ஷாப்பில் நூறு ரூபாய்க்குள் மாத்திரை வெட்டும் டப்பா கிடைக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைவிட, குறைந்த அளவு மாத்திரையாகவே எழுதித் தரச் சொல்லிக் கேட்பது மேல்.

ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும் முறையும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் நெஃப்ராட்டிக் சிறுநீரக நோயில் முதல் ஆறு வாரம் தினமும், அடுத்த ஆறு வாரம் ஒன்றுவிட்டொரு நாள் என்பது நம் நாட்டு மருத்துவர்களின் பழகிய வழி. வளர்ச்சியும் சுரப்பியும் கொஞ்சம் மூச்சு விடும். முடக்குவாதத்தில் இது எடுபடாது. மாத்திரை இல்லாத நாளில் மூட்டு நோயாளியைப் பழிவாங்கிவிடும்.

விட்டுப்போன நாள், காய்ச்சல் வந்த நாள்

காலையில் மறந்துவிட்டு மதியம் ஞாபகம் வந்தால் அப்போதே எடுத்துக்கொள்ளலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் வழக்கமான ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடுவதில்லை. ஒருநாள் விட்டதால் உலகம் இடிந்துவிடாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் "ஐயையோ, ஸ்டீராய்டா?" என்றார் என்பதற்காக ஒரேயடியாக நிறுத்துவதுதான் உயிருக்கு ஆபத்து. 5 மி.கி. அல்லது அதற்கு மேல் மூன்று நான்கு வாரத்தைத் தாண்டி எடுத்தவரின் அட்ரினல் தூங்கிக்கொண்டிருக்கலாம். திடீரென்று மாத்திரையும் இல்லாமல் போனால் உடம்பில் எந்த ஸ்டீராய்டும் இல்லை. சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவு, அப்புறம் மயக்கம். வெளியே பார்க்கச் சாதாரண வயிற்றுக்கோளாறு மாதிரியே இருக்கும்.

காய்ச்சல் வரும்போது ஆரோக்கியமான அட்ரினல் தானாகவே உற்பத்தியைக் கூட்டும். தூங்கும் அட்ரினலால் முடியாது. அதனால் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ விபத்தோ என்றால் டோஸைத் தற்காலிகமாகக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு கூட்டுவது, எப்போது பழைய அளவுக்குத் திரும்புவது என்பதை நல்ல நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுச் சீட்டின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொள்ளலாம். வாந்தியால் மாத்திரை உள்ளே நிற்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது; ஊசியாகப் போட மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "ஸ்டீராய்டு எடுத்துக்கிட்டு இருக்கேன்." பல் டாக்டரிடமும் இதையே சொல்ல வேண்டும்.

ரம்ஜான் நோன்பு வைக்கிறவர்கள் பலர், நாளுக்கு ஒருமுறை எடுக்கும் பிரெட்னிசோலோனை விடிவதற்கு முன் சாப்பிடும் ஸஹர் உணவோடு எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பார்கள். நோய் அடங்கியிருந்து மருத்துவரும் சம்மதித்தால், அது மூட்டின் கடிகாரத்துக்கும் நெருக்கமான வேளைதான். ஆனால் டோஸ் அதிகமாக இருப்பவர்களும், சுகரும் சேர்ந்திருப்பவர்களும் நோன்புக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களின் கதை இன்னும் சிக்கல். பகலில் தூங்குகிறோம் என்பதற்காகக் கார்டிசால் உடனே தலைகீழாகத் திரும்பிவிடாது. தினம் ஒரு நேரம் என்று மாற்றிக்கொண்டே இருக்காமல், ஒரு மணியைப் பிடித்துக்கொள்வது நல்லது.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவரின் ஈரல், பிரெட்னிசோலோனை வழக்கத்தைவிட வேகமாக உடைத்துவிடும். அதே டோஸ், அதே மணி. ஆனால் பாதி வழியிலேயே மருந்து தீர்ந்துபோகும். வலி திரும்புகிறதே என்று திண்டாடுவார்கள். இரண்டு நோய்க்கும் இரண்டு டாக்டர் என்றால் இரண்டு சீட்டையும் இருவருக்கும் காட்டியே ஆக வேண்டும். பெயர் எழுதாத பொட்டலத்தில் "மூட்டுவலிப் பொடி" வாங்கிச் சாப்பிட்டு இரண்டே நாளில் அற்புதமாகக் குணமானவர்களும் அந்தப் பொட்டலத்தை டாக்டரிடம் காட்டுவது நல்லது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், எத்தனை மில்லிகிராம் என்பதும் தெரியாது, நிறுத்தும்போது எப்படி இறங்குவது என்பதும் தெரியாது.

லேபில் ஒரு காலை

அம்மா 5-லிருந்து 4, 3, 2.5 என்று இறங்கி வந்ததும், சுரப்பி எழுந்துவிட்டதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதினார்கள். இதற்கும் நேரம் முக்கியம். கார்டிசால் இன்னும் உயரத்தில் இருக்க வேண்டிய காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். மாலையில் எடுத்தால் யாருக்குமே குறைவாகத்தான் இருக்கும். அன்றைய மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனாலும் கணக்கு குழம்பும், ஏனென்றால் சில பரிசோதனை முறைகள் பிரெட்னிசோலோனையும் கார்டிசால் என்றே எண்ணிவிடும். கடைசி மாத்திரைக்கும் ரத்தத்துக்கும் இடையே 24 மணி நேரம் இருக்க வேண்டும். 2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி, டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி தேறிவிட்டது, நிறுத்தலாம். 5-க்குக் கீழே என்றால் இன்னும் தூக்கம். இடையில் என்றால் அதே சின்ன டோஸில் இருந்துகொண்டு, சில வாரமோ மாதமோ கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

எட்டேகாலுக்கு லேபில் டோக்கன் எண் 14. அம்மா பர்ஸிலிருந்த ஜிப் பையில் அன்றைய மாத்திரையையும் இரண்டு பிஸ்கட்டையும் வைத்திருந்தார். விரல்கள் விறைத்திருந்ததால் ஜிப்பை நான்தான் திறந்தேன். ரத்தம் எடுத்த பஞ்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டே, மறு கையால் பிஸ்கட்டைத் தின்று மாத்திரையை விழுங்கினார். மறுநாள் ரிப்போர்ட் வந்தது: 7.2.

"பாஸா, ஃபெயிலா?" என்றார் அம்மா.

"நடுவுல."

"சரி, அப்ப நாளைக்கும் அஞ்சரைக்கா?"

"அஞ்சரைக்குத்தான்."